அப்பாவின் ஆடும் பற்களும் மெடிசேவ் கணக்கும்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து 39 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர், இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லாரும் ஒரே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில். அப்பா 1957இல் மன்னார்குடிப் பக்கம் பிறந்தவர். கப்பல் பட்டறை வேலைக்காக இங்கே வந்து, 1994இல் குடியுரிமை பெற்றவர். அம்மா இன்னும் நிரந்தரவாசி. அப்பாவுக்கு 15 ஆண்டுகளாக நீரிழிவு. இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். ஓராண்டாகக் கீழ்ப் பற்கள் ஆடுகின்றன, பல் துலக்கினால் ரத்தம். “பல்லு போனா சொல்லு போச்சு” என்று சிரித்துக்கொண்டே கஞ்சிக்கும் பிஸ்கட்டுக்கும் மாறிவிட்டாராம்.

தனியார் மருந்தகம் ஒன்றில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, “கீழ்ப் பற்களை மொத்தமாக எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் (எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கலாம், அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் கிடைக்கும், மீதி ரொக்கம்” என்றார்களாம். மெடிசேவ் என்பது மருத்துவச் செலவுக்காகச் சம்பளத்திலிருந்து சேரும் சேமிப்பு; அது போக மீதியே பல ஆயிரம் வெள்ளி. சகோதரிக்குக் கோபம். இத்தனை ஆண்டு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதிச் சந்தா கட்டியும் பல்லுக்கு ஏன் ஒரு காசும் இல்லை? வீட்டு வருமானம் கூடுதல் என்பதால் சாஸ் எனும் மருந்தக மானியத் திட்டத்தில் பச்சை அட்டைதான். அதில் பல் மானியம் கிடையாதாமே? வேறு சிகிச்சையை அறுவை சிகிச்சை என்று எழுதி மெடிசேவில் எடுத்துத்தரும் மருந்தகம் ஒன்றைத் தெரிந்தவர் சொல்கிறார், போகலாமா? ஜோகூர் பாருவா, திருச்சியா? அம்மாவின் பல் செட் உடைந்து கிடக்கிறதே, அதற்கு என்ன வழி? கடைசியாக, “பல் உடம்பில் ஒரு பகுதி இல்லையா? மற்ற நாடுகளில் எல்லாம் பல் வைத்தியம் இலவசம் என்கிறார்களே?”

அன்புள்ள சகோதரி,

“அப்பா இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை” என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன்பே ஒரு பல் மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது. மெல்ல முடியாத நீரிழிவு நோயாளி கஞ்சி, ரொட்டி, பிஸ்கட் என்று மாவுப் பண்டத்துக்குப் போய்விடுகிறார். காய்கறி குறைகிறது, பயறும் இறைச்சியும் குறைகின்றன, சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை ஈறை மேலும் கெடுக்கிறது. கெட்ட ஈறில் ஓயாமல் இருக்கும் அழற்சி சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடுவதில்லை. ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதில் இன்று மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே அப்பாவின் வாயைத் தனியாகவும் சர்க்கரையைத் தனியாகவும் பார்க்காதீர்கள்.

பணத்துக்குப் போவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். பல் எடுக்கப் போகும்போதெல்லாம் அப்பா தாமாகவே ஆஸ்பிரினை நிறுத்திவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். அந்த மாத்திரையோடேயே பெரும்பாலும் பல் எடுக்க முடியும். ரத்தக் கசிவை அங்கேயே அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்துவதா என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். இன்னொன்று: தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், இவற்றில் எது வந்தாலும் மருந்தகச் சந்திப்புக்காகக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவருக்குப் பல் சீழ் பரவினால் வேகமாகப் பரவும்.

அப்பா கையில் ஏற்கெனவே இருக்கும் அட்டை

பச்சை அட்டைக்குப் பல் மானியம் இல்லை என்று நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் அது அப்பாவுக்குப் பொருந்தாது. 1950 முதல் 1959க்குள் பிறந்து, 1996 முடிவதற்குள் குடியுரிமை பெற்றவர்கள் மெர்டேக்கா தலைமுறையினர். 1957இல் பிறந்து 1994இல் குடிமகனான உங்கள் அப்பா அதில் சேர்ந்தவர். மெர்டேக்கா அட்டைக்கு வீட்டு வருமானம் கணக்கில்லை. மகள் எவ்வளவு சம்பாதித்தாலும், சாஸ் திட்டத்தில் உள்ள பல் மருந்தகத்தில் அவருக்கு மானியம் உண்டு. அந்த அட்டை 2019இல் வீட்டுக்கு வந்திருக்கும். அலமாரியில் பழைய கடிதங்களோடு தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடையாள அட்டையை வைத்தே மருந்தகத்தில் தகுதியைப் பார்த்துவிடுவார்கள்.

மானியம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனி. சுத்தம் செய்வது, அடைப்பது, வேர் சிகிச்சை, பல் செட் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை, ஒரு வரம்பு. 2025 அக்டோபர் 1 முதல், பல்லைக் காப்பாற்றும் சிகிச்சைகளுக்கு இந்த மானியத்தைக் கூட்டியிருக்கிறார்கள். 60 வயதைக் கடந்தவர்கள் ஃபிளெக்சி-மெடிசேவ் (மெடிசேவிலிருந்து மூத்தோர் வெளிநோயாளி சிகிச்சைக்கு எடுக்கும்) தொகையைக் குறிப்பிட்ட சில பல் சிகிச்சைகளுக்கும் எடுத்துக்கொள்ள 2026 நடுப்பகுதி முதல் வழி செய்யப்படும் என்றும் சுகாதார அமைச்சு அறிவித்தது. அது ஆண்டுக்குச் சில நூறு வெள்ளிதான். ஆனாலும், பல்லை எடுக்காமல் வைத்துக்கொள்வதற்கு மெடிசேவ் உதவப்போகிறது என்பது சிறிய மாற்றமில்லை. சந்திப்புக்குப் பதியும்போதே, “மெர்டேக்கா அட்டை உண்டு, இதற்கு மானியம் எவ்வளவு, ஃபிளெக்சி-மெடிசேவ் செல்லுமா, கையிலிருந்து எவ்வளவு?” என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள்.

மெடிஷீல்டு லைஃப் பற்றிய உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2015 நவம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்காக வந்த காப்புறுதி. விபத்தில் பல் உடைந்தால் தவிர, பல் சிகிச்சை அதன் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் சந்தா வீணாகவில்லை, அது வேறு ஆபத்துக்கான பாதுகாப்பு. ஆனால் ‘எல்லாருக்கும் காப்புறுதி’ என்று சொல்லும்போது வாய் அதற்குள் வரவில்லை என்பது உண்மை.

பணம் கிடைக்கும் பக்கம் சிகிச்சை சாயக்கூடாது

இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மெடிசேவ் பல காலமாகப் பல் விஷயத்தில் அறுவை சிகிச்சைக்கு மட்டுமே கிடைத்துவந்தது. கத்தி வைத்தால் பணம் உண்டு. ஈறைச் சுத்தம் செய்து பல்லைக் காத்தால், சாதாரணப் பல் செட் போட்டால், கையிலிருந்து கொடுக்கவேண்டும். விளைவு என்னவென்றால், கணக்கில் பணம் கிடக்கிறதே என்று குடும்பங்கள் இம்ப்ளாண்ட் பக்கம் போகின்றன. அப்பாவுக்கு அது சரியான முதல் படிதானா என்ற கேள்வி அந்த அவசரத்தில் காணாமல் போகிறது.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் எக்ஸ்ரே இருக்கிறது. ஈறை அளந்ததாக எதுவும் இல்லை. அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக விட்டு, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஆழம் பார்ப்போம். மருத்துவர் “மூன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உங்கள் காதிலும் விழும். மூன்று வரை கவலையில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று எண்கள் ஏறினால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். எந்தப் பல்லைக் காப்பாற்றலாம், எது போகவேண்டும் என்பதை அந்த எண்களும் எக்ஸ்ரேயும் சேர்ந்துதான் சொல்லும்.

ஆடுகிற பல் எல்லாம் எடுக்கவேண்டிய பல் அல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு உள்ளே வேர் மீது படிந்த காரையைச் சுரண்டி எடுத்து, வீட்டில் பற்களின் இடுக்கைச் சுத்தம் செய்யும் சிறு தூரிகையைப் பழக்கிக் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால், சில பற்கள் இறுகியிருப்பதைப் பார்க்கலாம். இறுகாதவற்றை எடுத்துவிட்டு, மீதிப் பற்களைப் பிடிமானமாக வைத்துப் பகுதிப் பல் செட் செய்யலாம். செலவும் குறைவு. இம்ப்ளாண்ட் தவறான சிகிச்சை இல்லை. ஆனால் சர்க்கரை கட்டுப்படாத, ஈறு நோய் ஆறாத வாயில் வைத்த இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம்; சொந்தப் பல்லைத் தளர்த்திய அதே நோய் அதைச் சுற்றியும் வரும். முதலில் ஈறு ஆறட்டும், சர்க்கரை இறங்கட்டும், பிறகு யோசியுங்கள்.

சாஸ் மருந்தகத்தில் முடியாத அளவுக்கு ஈறு நோய் முற்றியிருந்தால், அங்கிருந்தோ அரசின் பலதுறை மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு ஊட்ரமில் உள்ள தேசிய பல் மருத்துவ நிலையத்துக்குப் போகலாம். கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழகத்தின் வாய்ச் சுகாதார நிலையமும் இருக்கிறது. கடிதம் இல்லாமல் நேரே போனால் மானியக் கட்டணம் கிடைக்காது. பலர் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். மானிய வரிசையில் காத்திருப்பு நீளும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த இடைவெளியில் சாஸ் மருந்தகத்தில் சுத்தம் செய்வதை நிறுத்தாதீர்கள். அப்படியும் கட்ட முடியாத தொகை வந்தால், பொது நிலையங்களில் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள். கடைசிப் பாதுகாப்பான மெடிஃபண்ட் உதவி நிதி 2013 முதல் பல் சிகிச்சைக்கும் நீட்டிக்கப்பட்டது.

“எழுதிக்கொடுக்கும்” மருந்தகம் வேண்டவே வேண்டாம்

செய்யாத அறுவை சிகிச்சையைச் செய்ததாக எழுதி மெடிசேவில் பணம் எடுப்பது மோசடி. இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்காக அமைச்சு பல் மருந்தகங்களை மெடிசேவ், சாஸ் திட்டங்களிலிருந்து இடைநிறுத்தியிருக்கிறது. சிலர் நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுவது உங்கள் அப்பா. எடுப்பதும் அவருடைய ஓய்வுக்காலப் பணம். நாளைக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்கோ மருத்துவமனைக்கோ தேவைப்படும் பணம். இதுவரை ஏதாவது எடுத்திருக்கிறார்களா என்று சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) வழியாக, மெடிசேவ் இருக்கும் மசேநி (மத்திய சேம நிதி) கணக்கில் நுழைந்து பாருங்கள். தெரியாத வரி இருந்தால் மருந்தகத்தில் விளக்கம் கேளுங்கள், திருப்தி இல்லையென்றால் அமைச்சுக்கு எழுதுங்கள்.

ஜோகூரா, திருச்சியா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு ஊரிலும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்குள்ள பல் மருந்தகத்தில் சாஸ் மானியமும் செல்லாது, மெடிசேவும் உதவாது. அடைப்பது, சுத்தம் செய்வது போன்றவற்றுக்கு ஜோகூர் போய்வருவதில் பெரிய ஆபத்தில்லை. இம்ப்ளாண்ட் வேறு கதை. எலும்போடு அது பிடிக்கப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். விடுமுறைக்குத் திருச்சி போய் இரண்டு வாரத்தில் முழு வாய்க்கும் பல் கட்டிக்கொண்டு வந்தால், இங்கே ஒரு திருகு தளரும்போது அது எந்த நிறுவனத்தின் பாகம் என்று தெரியாமல் நாங்கள் தடுமாறுகிறோம். அப்பாவின் நீரிழிவையும் இதயத்தையும் சேர்த்துப் பார்த்தால், அவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அம்மாவுக்கு

அம்மா நிரந்தரவாசி என்பதால் சாஸ், மெர்டேக்கா இரண்டும் இல்லை, மெடிஃபண்டும் இல்லை. இது வருத்தமான இடம். அவரும் இங்கேதான் பிள்ளை வளர்த்தார், பேரப்பிள்ளைகளையும் வளர்க்கிறார். ஆனாலும் வழி இருக்கிறது. பல் பிரிவு உள்ள பலதுறை மருந்தகத்தில் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு. குடிமக்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு, தனியாரைவிட மலிவு. எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் பல் பிரிவு இல்லை, ஹெல்த்ஹப் செயலியில் பார்த்துவிட்டுப் போங்கள். கெண்ட் ரிட்ஜ் நிலையத்தில் பல் மருத்துவ மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் பல் செட் செய்கிறார்கள். ஒவ்வொரு படியையும் ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த படிக்குப் போவதால் பல முறை போகவேண்டியிருக்கும். அம்மாவுக்கு நேரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு அது பொருந்தும். உடைந்த செட்டைக் கடையில் வாங்கிய பசையால் ஒட்டாதீர்கள். கடி மாறி ஈறில் புண் வரும். ஆறாத புண்ணை எந்த வயதிலும் அலட்சியம் செய்யக்கூடாது. துண்டுகளைப் பத்திரமாக எடுத்துப் போனால், பல நேரங்களில் புதிதாகச் செய்யாமலே பழுதுபார்க்க முடியும்.

பல் ஏன் வெளியே நிற்கிறது?

மற்ற நாடுகளில் எல்லாம் இலவசம் என்பது உண்மையில்லை. பிரிட்டனில் 1948இல் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல் செட்கூட இலவசம்தான். காலமெல்லாம் பல் வலியோடு இருந்த மக்கள் திரண்டு வந்தார்கள், செலவு எகிறியது. 1951இலேயே பல் செட்டுக்குக் கட்டணம் வந்தது. அந்தச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சரவையிலிருந்து விலகினார். இன்றும் அங்கே பெரியவர்கள் பல்லுக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெடிகேர் பெரியவர்களின் பல் சிகிச்சையைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. மருத்துவர், மருத்துவமனைச் செலவை அரசு ஏற்கும் கனடாவில் பல் பல பத்தாண்டுகள் வெளியே நின்றது. 2023 இறுதியில்தான், பல் காப்புறுதி இல்லாத, ஆண்டு வருமானம் 90,000 கனடிய டாலருக்குக் குறைந்த குடும்பங்களுக்கான திட்டத்துக்குப் பதிவு தொடங்கினார்கள், அதிலும் முதலில் முதியவர்களுக்கு. இன்னொரு பக்கம் ஜப்பானின் பொதுக் காப்புறுதியில் பல் சிகிச்சையும் பல் செட்டும் சேர்ந்தே இருக்கின்றன, நோயாளி ஒரு பங்கு கட்டுகிறார். 80 வயதில் சொந்தப் பற்கள் 20 இருக்கவேண்டும் என்று அங்கே 1989இல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள்.

சிங்கப்பூரையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். குடிநீரில் ஃபுளோரைடு 1950களிலேயே சேர்த்துவிட்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவச் சேவை இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் பள்ளியிலேயே பல் காட்டியிருப்பார்கள். மூத்தோருக்கு இப்போது கைகொடுக்கிறார்கள். நடுவில் இருக்கும் நாற்பது ஆண்டுகள்தான் பெரும்பாலும் அவரவர் பாடு. ஈறு நோய் சத்தமில்லாமல் எலும்பைக் கரைப்பது அந்த நாற்பது ஆண்டுகளில்தான்.

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் இதைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். “பல்லை இலவசமாக்குங்கள்” என்று கேட்டால் ‘செலவு தாங்காது’ என்ற பதிலோடு முடிந்துவிடும். ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். நாள்பட்ட நோய்க்கான மெடிசேவ் திட்டத்தில் நீரிழிவு நோயாளியின் கண்ணையும் பாதத்தையும் சோதிக்க இடம் இருக்கிறது. ஈறையும் அதே பட்டியலில் சேர்த்தால் என்ன? குடும்ப மருத்துவர் விழித்திரைச் சோதனைக்கு எழுதுவதுபோல் ஈறுச் சோதனைக்கும் எழுதட்டும், காரையை எடுக்கும் செலவை மெடிசேவ் தரட்டும். ஆடும் பல்லோடு வந்து அமரும் நீரிழிவு நோயாளிகளில் பலர், “ஈறுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லையே, டாக்டர்” என்கிறார்கள். கண்ணைக் காக்கக் காட்டும் அக்கறையை வாய்க்கும் காட்டியிருந்தால், உங்கள் அப்பாவின் கீழ்ப் பற்களில் பாதியாவது இன்று உறுதியாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அப்பாவின் கதையை அப்படியே, தேதிகளோடும் கட்டண விவரத்தோடும் எழுதிக் கொண்டுபோங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது அப்பாவின் மாத்திரைப் பட்டியல், கடைசி மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, அந்த எக்ஸ்ரே மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரேயின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, இன்னொரு முறை எடுக்கும் செலவு மிச்சம். காலை உணவும் மருந்தும் வழக்கம்போல் முடித்துவிட்டுக் காலை நேரத்திலேயே போவது நல்லது. நாற்காலியில் சர்க்கரை திடீரென்று இறங்காது.

கடைசியாக உங்களைப் பற்றி. பிள்ளை பிறந்த பிறகு பல் மருத்துவரிடமே போகவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு நீரிழிவு, உங்களுக்கு வயது 39. உங்கள் நிறுவனத்தின் மருத்துவச் சலுகையில் பல்லுக்கென்று ஒரு தொகை இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். பல நிறுவனங்களில் இருக்கும், கேட்காவிட்டால் ஆண்டு முடிவில் காலாவதியாகிவிடும். அப்பாவுக்கு நேரம் வாங்கும்போது அடுத்த நேரத்தை உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள்.